மூன்று குதிரை நீளம்

ஜெசிந்தாவின் குதிரைக்குப் பந்தயப் பட்டியலில்
ஃபைனல் நோட்டீஸ் என்று பெயர்.
பதினொரு பந்தயம் ஓடியது.
பதினொன்றிலும் கடைசி.
தனக்குப் பின்னாலும் ஒரு குளம்புச் சத்தம் வரலாம் என்பது
அதற்கு யாரும் சொல்லாத சேதி.

லாயத்தில் நாங்கள் சுருக்கமாக நோட்டீஸ் என்போம்.
கேரட்டை உதட்டால் மட்டும் எடுக்கும்.
நாகேஷின் சட்டைப் பையில் மூக்கை நுழைத்து
பீடிக்கட்டைத் திருடும்.
தனியாக இருந்தால் தங்கம்.

ஞாயிறு விடியலில் ஆறு குதிரைகள்
ஹெசரகட்டா புல்வெளியில் இறங்கும்.
பனி இன்னும் முழங்கால் உயரம் நிற்கும்.
அன்றைக்குத் திம்மையாவின் சாம்பல் குதிரை
அரைக் கழுத்து கிட்டே வந்தது.
அவ்வளவுதான்.

குதிரை குணமறிந்து ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள்.
பின்னங்கால்களைக் கொடுத்ததைப் பற்றிப்
பழமொழி எதுவும் என் காதில் விழவில்லை.

புல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு
'பர்வாகில்ல, பர்வாகில்ல' என்றார் திம்மையா,
வங்கியில் முப்பது வருடம்
எல்லோருக்கும் அதையே சொன்னவர்.
ஜெசிந்தா இறங்கி ஓடினாள்,
குதிரையிடம்.
அதன் காலைத் தடவிப் பார்த்தாள்.
அதை ஐந்து பேர் பார்த்தோம்.
நான் பார்க்காதது போலவும் பார்த்தேன்.

உதைக்கிற குதிரையின் வாலில்
சிவப்பு ரிப்பன் கட்டுவது வழக்கம்.
இரண்டு மாதமாகச் சொல்கிறோம்.
நெற்றியில் திருடன் என்று எழுதி
பள்ளிக்கூடம் அனுப்புவீர்களா, என்பாள்.

'நீங்கதான் அவங்க ஃப்ரெண்ட், நீங்களே சொல்லிடுங்க.'
தோழி என்ற சொல்லுக்கு
இப்படி ஒரு வேலை இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் நான்கு முறை எழுதி அழித்தேன்.
அவளுக்குத் 'டைப்பிங்' என்று தெரிந்திருக்கும்,
நான்கு முறையும்.

காக்ஸ் டவுனில் அவள் வீடு.
சோபாவின் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது.
விவாகரத்துக்குப் பின் அவள் வாங்கிய முதல் பொருள்
கட்டில் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை,
இறைச்சிக்குப் போகவிருந்த ஒரு குதிரை.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டேதான் சொன்னேன்:
நீ வா. அது வேண்டாம்.

டீயில் சர்க்கரை போட்டாள்.
நான் சர்க்கரை விட்டு மூன்று வருடம்.
குடித்தேன்.

'அவன் கெட்டவன் இல்ல.'
இல்லை.
'பயந்தவன்.'
ஆமாம். ஆனால் ஜெசி,
பயந்தவன் உதைத்தாலும்
எலும்பு அதே சத்தத்தில்தான் உடையும்.

அவள் பேசவில்லை.
அடுத்த ஞாயிறும் வரவில்லை.
ஐந்து குதிரைகளும் சமர்த்தாக நடந்தன.
புல்வெளி எனக்கு மட்டும்
யாரோ துவைத்து வெளிறிப்போன மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் நாகேஷ் போன் செய்தார்:
மேடம் செவ்வாய்க்கிழமை தனியா போறாங்க.
தனியாகப் போவது ஆபத்து.
கூட்டத்தோடு வருவதும் ஆபத்து.
நான் அலுவலகத்துக்குப் பொய் சொல்லிவிட்டுச்
செவ்வாய்க்கிழமை போய் நின்றேன்.

இப்போது நான் முன்னால்.
மூன்று குதிரை நீளம் விட்டு நோட்டீஸ்,
அதற்குப் பழக்கமான கடைசி இடத்தில்.
திரும்பிப் பார்க்க முடியாது, பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.
வக்கீல் ஃபீஸ், அவளுடைய தூக்க மாத்திரை,
என் தம்பி திருப்பித் தராத கடன்
எல்லாமே ஹெசரகட்டா ஆள்காட்டிகளுக்குத் தெரியும்.

நேற்று பின்னாலிருந்து கத்தினாள்:
'அன்னிக்கு நான் திம்மையாகிட்டதான்
முதல்ல ஓடியிருக்கணும்.'

கேட்டது.
'கேக்கல!' என்றேன்.
இன்னொரு முறை கத்தினாள்.

இறங்கும்போதுதான் பார்த்தேன்,
வாலில் சிவப்பு ரிப்பன்.
வழி முழுக்க அதற்குப் பின்னால்
யாருமே வரவில்லை.